கூத்தும் கூட்டுச் சோறும்: தனியராய் வாழ்ந்த எம்மவர் வரலாறு

எமது வீடுகளிலுள்ள புகைப்படத் தொகுப்புகளைப் புரட்டிப் பார்க்கும் எவரும் ஒன்றை அவதானிக்கலாம். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் என்று எந்தப் படமானாலும் குடும்பம் நடுவில் நிற்கும். ஓரத்தில், பெரும்பாலும் பின்வரிசையில், ஒருவர் நிற்பார். பிள்ளைகள் அவரை மாமா என்றோ சித்தப்பா என்றோ அழைப்பார்கள். அவர் உறவினராக இருக்கலாம், ஊரவராக இருக்கலாம், ஒரு காலத்தில் தகப்பனோடு ஒரே அறையில் படுத்தெழும்பியவராகவும் இருக்கலாம். அவருக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. அவர் தமது மாலை வேளைகளை எங்கே கழித்தார், யாரோடிருந்து உண்டார் என்று நாம் கேட்டதில்லை.

புலம்பெயர்ந்தோர் வரலாற்றை எழுத முற்படும்போதும் நாம் அதே புகைப்படத்தையே எடுக்கிறோம். வீடு வாங்கிய கதை, பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுந்த கதை, கோயில் கட்டிய கதை ஆகியன எழுதப்படுகின்றன. இவை யாவும் குடும்பங்களின் கதைகள். ஆயினும் எமது சமூகத்தின் பெரிய இடப்பெயர்வுகளில் முதலிற் புறப்பட்டவர்கள் பெரும்பாலும் தனியர்களே. கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்ற காலத்திலும், பின்னர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் வந்த காலத்திலும் அதுவே நிகழ்ந்தது. அத்தனியர்களின் சமூக வாழ்வு இரண்டு தூண்களில் நின்றது. ஒன்று, சேர்ந்து நாடகம் பார்த்தல். மற்றையது, சேர்ந்து உண்ணுதல். பொழுதுபோக்கு என்று நாம் தள்ளிவிட்ட இவ்விரண்டுமே பின்னர் குடும்பங்கள் வந்தமர்ந்த சமூகத்துக்கு அத்திவாரமாயின என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஆடுவோரும் உண்போரும்

கூத்தும் உணவும் எமது இலக்கிய மரபில் மிகப் பழைய காலந்தொட்டே இணைந்து வந்தவை. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்ற பெயரும் உண்டு. வள்ளல் நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், வழியில் எதிர்ப்பட்ட வறிய கூத்தருக்கு அவ்வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுவதே அதன் பொருள். எவ்விடத்தில் எவர் வரவேற்பர், என்ன உணவு தருவர் என்பதெல்லாம் அதில் விரித்துரைக்கப்படுகின்றன. ஊர் விட்டு ஊர் செல்பவனுக்கு வழியும் சோறும் ஒருங்கே காட்டுவது எமது பழைய நாகரிகம்.

மணிமேகலையின் கதை இன்னும் பொருத்தமானது. நாடகக் கணிகையாகிய மாதவியின் மகள் அவள். அரங்கேற வேண்டியவள் அரங்கை விட்டு விலகினாள், மணமும் செய்துகொள்ளவில்லை. மணிபல்லவத் தீவில் அவள் கைக்கு அமுதசுரபி வந்தது. மணிபல்லவம் நயினாதீவே என்பது எம்மவர் வழிவழி போற்றும் மரபு. அப்பாத்திரத்தைக் கொண்டு பசித்தோருக்கு உணவூட்டியவள், அரசனிடம் கேட்டுப் பெற்ற வரத்தினால் நகரின் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவித்தாள். தனியே வாழ்ந்த ஒரு பெண்ணைத் தலைவியாக்கிய காப்பியம், அவளுக்குரிய சுற்றமாக உண்ண வந்தோரையே காட்டிற்று.

இலக்கியத்தை விட்டு வாழ்க்கைக்கு வருவோம். மட்டக்களப்பு ஊர்களில் ஒரு கூத்துப் போடுவதென்றால் அது பல மாத காலக் கருமம். அண்ணாவியார் ஆட்களைத் தெரிந்து சட்டம் கொடுப்பார். இரவு தோறும் பழக்கம் நடைபெறும். சலங்கை அணி விழா ஊர்த் திருவிழாப் போல அமையும். அதன் பின்னரே அரங்கேற்றம். அரங்கேறிய கூத்தை வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கமும் இருந்தது. களரி வட்டமானது, பார்ப்போர் சுற்றிவர இருப்பர். யாழ்ப்பாணத்திலோ கோயில் திருவிழாக்களில் விடியவிடிய இசைநாடகம் நடைபெறும். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி.வி. வைரமுத்து (1924 - 1989) அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவைகள் ஆடியவர். விடிந்ததும் கச்சான் கோதுகளைத் தட்டிவிட்டு எழும்பும் கூட்டத்தில் குடும்பத்தோடு வந்தவருக்கும் தனியே வந்தவருக்கும் வேற்றுமை தெரியாது. யாரும் யாரையும் தனியன் என்று சுட்டிக் காட்டாத இடமாகக் கூத்துக்களரி விளங்கிற்று.

எனினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. எமது ஊர்களில் பந்தி எல்லோருக்கும் சமமாக விரிக்கப்பட்டதில்லை. கோயில் வாசலும் தேநீர்க்கடை வாங்கும் சாதியின் பெயரால் பலருக்கு மறுக்கப்பட்டிருந்தன. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற்றது. அப்பொருளைக் கொண்டு என்.கே. ரகுநாதன் கந்தன் கருணை என்ற நாடகத்தை எழுதினார். யாரோடிருந்து உண்பது என்ற வினா எமது சமூகத்தில் ஒருபோதும் சிறிய வினாவாக இருந்ததில்லை. இதனை நினைவிற் கொண்டே மேலே செல்லவேண்டும்.

கொழும்புச் சமறி

வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இல் முழுமை பெற்று யாழ்ப்பாணத்தைக் கொழும்புடன் இணைத்தது. மிசன் பாடசாலைகளிலும் இந்துக் கல்லூரிகளிலும் ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் எழுதுவினைஞர்களாகவும் கணக்காளர்களாகவும் தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். சம்பளம் சிறிது, ஊரிலோ தங்கைமாரின் சீதனம் பெரிது. மணம் முடித்தோரும் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டே சென்றனர். இவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பர். அந்த வீட்டுக்குச் சமறி என்று பெயர். மணமாகாத வெள்ளைக்கார உத்தியோகத்தர் சேர்ந்து வாழ்ந்த வீட்டுக்கு வழங்கிய ஆங்கிலச் சொல் எம்மவர் நாவில் இப்படித் திரிந்தது.

சமறிக்கு எழுதப்படாத சட்டதிட்டங்கள் இருந்தன. சமையலுக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்வர். இல்லையேல் முறை வைத்துச் சமைப்பர். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துச் செலவைப் பங்கிடுவர். ஊரிலிருந்து வேலை தேடி வரும் பெடியனுக்கு வேலை கிடைக்கும் வரை பாயும் சோறும் இலவசம். ஊரிலிருந்து வரும் ஓடியலும் புழுக்கொடியலும் பனங்கட்டியும் யாருடைய பொதியில் வந்தாலும் எல்லோருக்கும் பொது. ஒருவர் நோயிற் படுத்தால் மற்றவர் வைத்தியசாலைக்குச் சாப்பாடு கொண்டு செல்வர். உத்தியோகம் பார்த்த நகரில் அவர்களுக்கு உறவு என்றிருந்தது அந்த அடுப்பைச் சுற்றியே.

அடுத்த தேவை மாலைப் பொழுது. அங்கேதான் நாடகம் வருகிறது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையிற் தொடங்கிய சுகுண விலாச சபை, வழக்கறிஞரும் உத்தியோகத்தருமாகிய படித்தவர்கள் ஊதியம் கருதாது நடித்த சபை. கூத்தாடி என்று இகழப்பட்ட தொழிலை மதிப்புக்குரியதாக்கிய பெருமை அதற்குண்டு. அச்சபையினர் 1911இல் இலங்கைக்கு வந்து நாடகங்களை மேடையேற்றினர். அதனால் ஊக்கம் பெற்ற எம்மவர் சில ஆண்டுகளுக்குள் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையை அமைத்தனர். அதன் முதன்மையானவர்களுள் ஒருவரான கலையரசு க. சொர்ணலிங்கம் (1889 - 1982) தமது அனுபவங்களை ஈழத்தில் நாடகமும் நானும் என்ற நூலாக எழுதியுள்ளார். இத்தகைய சபைகளுக்குத் தேவைப்பட்ட நடிகர்களும், திரை இழுப்போரும், ரிக்கற் விற்போரும், முன்வரிசையிலிருந்து கைதட்டுவோரும் எங்கிருந்து வந்தனர்? அலுவலகம் விட்டபின் வீட்டிற் காத்திருக்க எவருமில்லாத எழுதுவினைஞர்களிலிருந்தே பலர் வந்திருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஒத்திகைக்கு வேண்டியது ஓய்ந்த மாலைப் பொழுது. அது தனியர்களிடமே தாராளமாக இருந்தது.

கடல் கடந்த மலாயாவிலும் இதுவே கதை. புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்க்கச் சென்ற யாழ்ப்பாணத்தவர்கள் 1904இல் கோலாலம்பூரில் விவேகானந்த ஆசிரமத்தை நிறுவினர். சங்கம், வாசிகசாலை, கோயில் என அங்கு எழுந்தவை யாவும் முதலில் வந்த ஆண்களின் மாலை நேரங்களிலிருந்து பிறந்தவை. அவர்கள் முதுமையில் ஊர் திரும்பியபோது மலாயன் பென்சனியர் என்ற பட்டத்தை ஊர் வழங்கிற்று. அவர்கள் அனுப்பிய காசில் ஊரில் கல்வீடுகள் எழுந்தன. அனுப்பியவர் அங்கே எப்படி வாழ்ந்தார் என்பதை மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை.

கொழும்புச் சமறிகளை 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இனக் கலவரங்கள் உலுக்கின. யாழ்தேவிக்கு ரிக்கற் எடுத்து ஊர் போனவர்கள் ஒவ்வொரு முறையும் குறைந்த தொகையினராகவே திரும்பினர். 1983 யூலைக்குப் பின்னர் பலர் திரும்பவேயில்லை.

இரவு பறிபோன காலம்

இதற்கிடையில் யாழ்ப்பாணத்தில் நாடகம் புதியதொரு நிலையை எய்தியிருந்தது. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் (1931 - 2025) நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கினார். க. பாலேந்திராவும் நண்பர்களும் அவைக்காற்று கலைக் கழகத்தை அமைத்து, பிறநாட்டு நாடகங்களையும் தமிழிற் தந்தனர். அக்கழகம் பின்னர் இலண்டனிலும் தொடர்ந்தது.

போர் முற்றியதும் முதலிற் பறிபோனது இரவு. ஊரடங்குச் சட்டம் உள்ள ஊரில் விடியவிடியக் கூத்து எப்படி நடைபெறும்? ஆயினும் நாடகம் அழியவில்லை. பகலுக்கு மாறிற்று, சுருங்கிற்று, பாடசாலை முற்றத்துக்கு வந்தது. 1985இல் சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய மண் சுமந்த மேனியர் ஊரூராகச் சென்றது. சண்முகலிங்கத்தின் எந்தையும் தாயும், பிள்ளைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிவிட்டுத் தனித்துப்போன முதியோரை அரங்கில் நிறுத்திற்று. அதைப் பார்த்தவர்கள் தங்களையே மேடையிற் கண்டனர். அதே வேளையில் அந்தப் பிள்ளைகளோ உலகின் மறுபக்கத்தில் ஒரு தொடர்மாடியில் அரிசி களைந்துகொண்டிருந்தனர்.

தொடர்மாடியில் ஒரு சமறி

1986 ஓகஸ்ற் மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் 150க்கு மேற்பட்ட எம்மவர்களைக் கனடிய மீனவர்கள் கண்டெடுத்த செய்தி உலகறிந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1985 ஏப்ரலில், கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, அகதிக் கோரிக்கையாளருக்கு நேரில் விசாரிக்கப்படும் உரிமையை உறுதிசெய்தது. அந்த உரிமையோடு காத்திருத்தலும் வந்தது. வழக்கு முடியும் வரை மனைவியை அழைக்கவோ, மணம் முடிக்க ஊர் போகவோ இயலாது. இளமையின் ஐந்தாறு ஆண்டுகளைக் கோப்பு ஒன்று விழுங்கியது. அவ்விதம் காத்திருந்தோர் முதலில் நகர மத்தியில் சென் ஜேம்ஸ் ரவுணிலும், பின்னர் வாடகை குறைந்த ஸ்காபரோவிலும் ஒன்றுசேர்ந்து குடியிருந்தனர். கொழும்பில் மறைந்த சமறி இங்கே மறுபிறவி எடுத்தது.

நாம் நேரில் அறிந்த ஒரு வீட்டைக் குறிப்பிடலாம். 1990களின் நடுப்பகுதி. எக்ளின்ரன் வீதிக்கு அண்மையிலுள்ள தொடர்மாடி ஒன்றில் இரண்டு படுக்கையறைகள், ஏழு பேர். இருவர் உணவகங்களிற் கோப்பை கழுவினர். மூவர் தொழிற்சாலையில் இரவு வேலை. ஒருவர் பத்திரிகை விநியோகம். ஒருவருக்கு வேலை அனுமதிப் பத்திரம் கிடைக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சமையல் முறை எழுதி ஒட்டப்பட்டிருந்தது. மேசையில் ஒரு கணக்குக் கொப்பி கிடந்தது. அரிசி, கோழி, பால், பாண், தொலைபேசி என்று நிரல்கள் கீறப்பட்டிருந்தன. கடைசி நிரலின் தலைப்பு நாடகம். அனுமதிப் பத்திரம் இல்லாதவருடைய ரிக்கற் பணத்தையும் ஏனைய அறுவரும் பங்கிட்ட விபரம் அதில் இருந்தது. அவர் பணம் இல்லாமையால் வீட்டில் நிற்கக்கூடாது என்பது அந்த வீட்டின் தீர்மானம்.

நாடகம் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடைபெறும். ஒரு காரில் ஐவர் போவர். எஞ்சிய இருவர் பஸ்ஸிற் போவர். மாலையிலேயே சோறும் கறியும் ஆக்கி மூடிவைத்துவிட்டுப் புறப்படுவார்கள். திரும்பி வர நள்ளிரவாகும். பழைய பத்திரிகைகளை நிலத்தில் விரித்து வட்டமாக இருந்து உண்பார்கள். உணவோடு விவாதமும் தொடங்கும். நடித்தது சரியா, சொன்னது சரியா, எமது போராட்டத்தைப் பற்றி அப்படிச் சொல்லலாமா என்று குரல்கள் உயரும். கீழ்வீட்டுக்காரர் கூரையிற் தட்டுவார். மூன்று மணிக்கு ஒருவர் எழுந்து வேலைக்குப் போவார். அத்தகைய ஓர் இரவில், ஊரிலிருந்து வந்த ஒரு துயரச் செய்திக்குப் பின் மாதக் கணக்காக வாய் திறவாதிருந்த ஒருவர், மேடையில் ஒரு தாய் பேசியதைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, தமது தம்பியைப் பற்றிச் சொல்லி முடித்தார். யாரும் இடைமறிக்கவில்லை. ஒருவர் அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். நாடகம் அழ அனுமதி கொடுத்தது. சோறு அருகில் இருக்க அனுமதி கொடுத்தது.

அந்த ஏழு பேரும் ஒரே ஊரவர் அல்லர். ஒரே சாதியினரும் அல்லர். ஊரில் ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடித்திருக்க இயலாதவர்களும் அவர்களுள் இருந்தனர். இங்கோ ஒரே பானையிலிருந்து உண்டனர். முதலில் வாடகையே அவர்களை அதற்கு உடன்படுத்தியது. நாளடைவில் அது பழக்கமாயிற்று. சீர்திருத்தக் கூட்டங்கள் செய்யாத ஒரு காரியத்தைச் சமையல் முறைத் தாள் செய்தது. பின்னர் குடும்பங்கள் வந்தபோது சில வீடுகளிற் பழைய சுவர்கள் மீண்டும் எழுந்ததையும் நாம் கண்டோம். எனினும் ஒருமுறை உடைந்த சுவர் முன்போல் உறுதியாக நிற்பதில்லை.

இத்தகைய பார்வையாளர்கள் இருந்தமையாலேயே ரொறன்ரோவில் தமிழ் நாடகம் தழைத்தது. 1980களின் இறுதியில் உருவான தேடகம் நூலகத்தோடு கலை முயற்சிகளையும் முன்னெடுத்தது. அதன் நூலகம் 1994இல் தீக்கிரையாயிற்று. 1990களின் நடுப்பகுதியிலிருந்து மனவெளி கலையாற்றுக் குழுவினர் அரங்காடல் என்ற பெயரில் நாடக நிகழ்வுகளை நடத்தினர். பா.அ. ஜயகரன், செழியன் முதலியோர் புகலிட வாழ்வையே பொருளாகக் கொண்டு நாடகங்கள் எழுதினர். ஒத்திகைக்கு அறை கொடுத்தோரும், நடிகர்களை இரவில் வீடு சேர்த்தோரும், ஒத்திகை முடிந்தபின் தேநீர் ஊற்றியோரும் நிகழ்ச்சி நிரலிற் பெயர் அச்சிடப்படாதவர்கள். அவர்களுட் பலர் தனியர்கள்.

இந்நாட்டின் முந்திய தனியர்கள்

எமக்கு முன்னரே இந்த நாட்டில் இத்தகையதொரு வாழ்வை வாழ்ந்தவர்கள் உண்டு. கனடாவின் குறுக்கே புகையிரதப் பாதை அமைக்கச் சீனத் தொழிலாளர் அழைக்கப்பட்டனர். பாதை முடிந்த 1885ஆம் ஆண்டிலேயே அவர்கள்மீது 50 டொலர் தலைவரி விதிக்கப்பட்டது. 1900இல் அது 100 டொலராகவும் 1903இல் 500 டொலராகவும் உயர்ந்தது. 1923 யூலை 1ஆந் திகதி தொடக்கம் 1947 வரை சீனர் வருகை ஏறத்தாழ முற்றாகத் தடைசெய்யப்பட்டிருந்தது. மனைவி மக்களைச் சீனாவில் விட்டு வந்த ஆண்கள் கால் நூற்றாண்டு காலம் தனியராகவே வாழ்ந்தனர். வரலாற்றாசிரியர்கள் அதனைப் பிரமச்சாரிச் சமூகம் என்று அழைக்கின்றனர்.

அவர்களைத் தாங்கியவை எவை? ஊர்ச் சங்கங்களும் குலச் சங்கங்களும் நடத்திய பொது அறைகள், அங்கு சேர்ந்துண்ட உணவு, விக்ரோறியாவிலும் வன்கூவரிலும் நடைபெற்ற கன்ரன் இசைநாடகங்கள். மொழியும் நாடும் வேறாயினும், களரியும் அடுப்பும் அவர்களுக்கும் துணைநின்றன. கனடிய அரசு 2006 யூன் 22இல் தலைவரிக்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது. அவ்வேளையில் உயிரோடிருந்த தலைவரி செலுத்தியோர் மிகச் சிலரே. காலம் தாழ்த்திய அங்கீகாரம் எத்தகையது என்பதற்கு இதுவே சான்று.

பெண்களுக்குச் சமறி இல்லை

இவ்வரலாற்றில் ஒரு பெரும் குறை உண்டு. இதுவரை கூறியவை பெரும்பாலும் ஆண்களின் கதை. சொர்ணலிங்கம் காலத்து மேடையில் பெண் வேடத்தையும் ஆணே தாங்கினார். கொழும்பில் ஆசிரியைகளாகவும் தாதியராகவும் பணிபுரிந்த பெண்கள் விடுதிகளில் தங்கினர்; மாலை ஆனதும் வாயிற்கதவு பூட்டப்பட்டது. 1980களில் யாழ்ப்பாண மேடையிற் பெண்கள் துணிந்து ஏறினர். இங்கும் மேடை பெண்களுக்குத் திறந்தது. ஆயினும் பார்வையாளராகத் தனியே வரும் பெண்ணின் நிலை இலகுவாகவில்லை. மணமாகாதவரோ, கணவனைப் போரில் இழந்தவரோ, பிரிந்து வாழ்பவரோ நாடகத்துக்கு வந்தால் யாரோடு வந்தாய் என்பதே முதற் கேள்வி. நாடகம் முடிந்து நள்ளிரவில் நாலு பேரோடு இருந்து உண்ணவோ விவாதிக்கவோ அவருக்கு ஒரு வீடு இருந்ததில்லை. மணிமேகலையைக் காப்பியத் தலைவியாக்கிய மொழியைப் பேசும் நாம், தனியே வரும் பெண்ணுக்கு ஒரு கதிரை ஒதுக்கத் தயங்கினோம். இதனை வரலாறு எழுதுவோர் மறைக்காது பதிய வேண்டும்.

கொப்பியின் கடைசிப் பக்கம்

வழக்குகள் முடிந்தன. ஒருவர் பின் ஒருவராக மனைவியரும் பெற்றோரும் வந்தனர். வீடுகள் வாங்கப்பட்டன, மார்க்கம், ஏஜக்ஸ் என்று சமூகம் பரந்தது. நாம் குறிப்பிட்ட அந்த வீட்டிலிருந்தும் அறுவர் ஒவ்வொருவராகப் புறப்பட்டனர். எஞ்சியவர் ஒருவர். தம்பி தங்கைமாரை அழைப்பதிலும் அவர்களுக்கு மணம் முடித்து வைப்பதிலும் அவருடைய வயது கழிந்துவிட்டது. இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். ஸ்காபரோவிலேயே ஒற்றை அறையொன்றில் வசிக்கின்றார். அந்தக் கணக்குக் கொப்பி இன்றும் அவரிடமே இருக்கின்றது. அண்மையில் அதனை எமக்குக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் எட்டு நிரல்கள், பெயர் ஒன்றே. அதன் பின் எழுதவில்லையா என்று கேட்டோம். ஒருவனுக்கு எதற்குக் கணக்கு என்றார். நாடகத்துக்குப் போவதில்லையா என்றும் கேட்டோம். போகும்போது பஸ் உண்டு, திரும்பும்போது நெடுநேரம் காத்துநிற்க வேண்டும், நேரம் சென்றால் கால் ஒத்துழைப்பதில்லை என்றார். நாடகத்தைப் பற்றி ஒரு குறையும் அவர் சொல்லவில்லை.

அவர் ஒருவர் மட்டுமன்று. 2021ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பின்படி கனடாவிலுள்ள வீடுகளில் 29.3 வீதமானவை ஒரே ஒருவர் வாழும் வீடுகள். இந்நாட்டில் வேறெந்த வகை வீட்டிலும் இவையே தொகையிற் கூடியவை. எமது சமூகமும் அந்நிலைக்கு விலக்கானதன்று. மணம் செய்யாதோர், துணையை இழந்தோர், பிள்ளைகள் தொலைதூரம் சென்ற பெற்றோர் என்று தனியர்கள் பெருகி வருகின்றனர். முன்னர் தனியர்கள் ஓர் அறையில் எழுவராக இருந்தனர். இப்போது ஏழு அறைகளில் எழுவராக இருக்கின்றனர். தனிமை என்பது மணமாகாமையால் வருவதன்று, பொது அடுப்பு அணைவதால் வருவது என்பதையே இந்த வரலாறு எமக்குப் போதிக்கின்றது.

ஆதலால் வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். முதலாவது, எமது தனியர்களின் சான்றுகளைக் காப்பாற்றுங்கள். கணக்குக் கொப்பிகள், நாடக அனுமதிச் சீட்டுகள், நிகழ்ச்சி நிரல்கள், ஏழு பேர் நிற்கும் மங்கிய படங்கள் ஆகியவற்றைக் குப்பையிற் போடாதீர்கள். 2005 தொடக்கம் நூலகம் என்ற இணைய நூலகம் எமது எழுத்தாவணங்களைப் பேணி வருகின்றது. ஸ்காபரோவிலுள்ள ரொறன்ரோப் பல்கலைக்கழக வளாகத்தில் தமிழ் இருக்கைக்கென 3 மில்லியன் டொலர் நிதி 2021இல் திரட்டி முடிக்கப்பட்டது. நாளை அங்கு எமது வரலாற்றை ஆராய வரும் மாணவர், ஓர் அகதிச் சமூகம் எப்படி உண்டு எப்படி நாடகம் பார்த்தது என்று கேட்பார். கொடுக்க எம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

இரண்டாவது வேண்டுகோள் இலகுவானது, ஆனால் அவசரமானது. அடுத்த முறை நாடகத்துக்குச் செல்லும்போது காரில் ஓர் இருக்கை வெறுமையாக இருக்குமாயின், உங்கள் புகைப்படத்தின் ஓரத்தில் நிற்பவரைத் தொலைபேசியில் அழையுங்கள். தனியே வாழும் பெண்ணாயின் அவரையும் அழையுங்கள். யாரோடு வந்தாய் என்று எவரும் கேட்காதபடி உங்களோடு இருத்துங்கள். நாடகம் முடிந்ததும் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். வீட்டுக்கு அழைத்துச் சென்று சோறு போடுங்கள். நாடகம் நன்றாக இருந்ததா என்று கேளுங்கள். அவர் பேசத் தொடங்குவார். கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்துவிட்டு, இடைமறிக்காது கேட்டுக்கொண்டிருங்கள்.